அம்பாசமுத்திரம் வீட்டுக்கு ஹோம் அசிஸ்டன்ட்: போடுவது யார், பார்ப்பது யார்

அம்பாசமுத்திரத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடு. நீங்கள் இருப்பது பெங்களூரில். போர் மோட்டார், தட்டட்டித் (மொட்டைமாடித்) தொட்டி, தார்சா (முன்வராந்தா) விளக்கு, புறவாசல் விளக்கு, இரண்டு கேமரா, இவ்வளவையும் ஹோம் அசிஸ்டன்ட்டுக்குள், அதாவது வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருளுக்குள், கொண்டுவர வேண்டும். கையில் 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் இருக்கிறது. அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடுகிறது, குடும்பப் போட்டோக்கள் முழுக்க அதில்தான். "பைதான் வென்வ் போட்டு நிறுவவா, டாக்கரிலா, இல்லை எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவர்களுடைய ஓஎஸ்ஸையே போடவா? எது ஈஸி, அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறீர்கள். வென்வ் என்பது பைதான் நிரலுக்கென்று ஒதுக்கும் தனி ஃபோல்டர்; டாக்கர் என்பது நிரலை அதற்கு வேண்டியதெல்லாம் சேர்த்து 'கன்டெய்னர்' என்ற பெட்டியாக ஓட்டும் கருவி.

எது ஈஸி என்று கேட்டால் எல்லாமே ஈஸிதான், தம்பி. போடுகிற அன்றைக்கு எல்லாமே ஓடும். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மா போன் பண்ணி "மோட்டார் ஓட மாட்டேங்கு" என்று சொல்லும்போது, நீங்கள் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு எதைத் தொடுவீர்கள், அப்பா எதைத் தொடுவார்? அதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெபியன் இருந்தபடி இருக்கட்டும். அதற்குள் லினக்ஸிலேயே இருக்கும் கேவிஎம் வசதியில் ஒரு விஎம், அதாவது கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினி, உருவாக்கி, அதில் ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் போடுங்கள். வென்வ் வேண்டாம். டாக்கர் உங்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும்; ஆனால் அந்த வீட்டுக்கு வேண்டாம்.

பவுலஸ் ஸ்கௌட்சன் 2013-ல் ஹோம் அசிஸ்டன்ட்டை எழுதத் தொடங்கியபோது அது தன் வீட்டு விளக்கைப் போட்டு அணைக்க ஒரு பைதான் நிரல், அவ்வளவுதான். வளர வளர அதை நிறுவ நாலு வழி வந்தது. வெறும் பைதான் பொதியாக வென்வில் போடுவதற்கு 'கோர்' என்று பெயர். டாக்கர் கன்டெய்னராகப் போடுவது இரண்டாவது. டெபியன் மேல் சூப்பர்வைசரை (ஹோம் அசிஸ்டன்ட்டையும் அதன் துணை நிரல்களையும் மேய்க்கும் நிரலை) தனியாக ஏற்றுவது 'சூப்பர்வைஸ்டு'. நாலாவது, முழு ஓஎஸ். இவற்றில் கோரையும் சூப்பர்வைஸ்டையும் கைவிடப் போவதாக 2025 மே மாதம் அந்தத் திட்டத்துக்காரர்களே அறிவித்துவிட்டார்கள். 2025 டிசம்பர் பதிப்போடு ஆதரவு முடிந்தது. 32 பிட் இயந்திரங்களுக்கும் அதே கதிதான். பழைய காணொளிகளில் பாதி சூப்பர்வைஸ்டைத்தான் காட்டும், அதைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். உங்கள் சித்தப்பா வீட்டில் ராஸ்பெரி பை 3-ல் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த போர்டு 64 பிட் தாங்கும். 64 பிட் ஓஎஸ்ஸைப் புதிதாக எழுதி, பேக்கப்பை ஏற்றிவிட்டால் போதும், போர்டை மாற்ற வேண்டாம்.

வென்வ் ஏன் வேண்டாம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பாளையங்கோட்டையில் என் வீட்டில் டெபியன் 11 மேல் வென்வில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். டெபியன் 11-ல் இருப்பது பைதான் 3.9. 2023 தொடக்கத்தில் ஹோம் அசிஸ்டன்ட் 3.9-ஐக் கைவிட்டது. நான் பழைய பதிப்பிலேயே நின்றேன். அந்த வருஷம் ஜூனில் டெபியன் 12 வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அப்கிரேடு செய்தேன். மறுபடி பூட் ஆனதும் எல்லாம் வந்தது, ஹோம் அசிஸ்டன்ட் மட்டும் வரவில்லை. வென்வ் என்பது சிஸ்டத்தின் பைதானைச் சுட்டிக்கொண்டு நிற்கிற ஒரு ஃபோல்டர். சிஸ்டம் 3.11-க்குப் போய்விட்டது, வென்வுக்குள் இருந்த பொதிகளெல்லாம் 3.9 என்ற பெயருள்ள ஃபோல்டரிலேயே கிடந்தன. அழித்து மறுபடி கட்டினேன், ராத்திரி பதினொன்று ஆனது. சரி, இனி அடுத்த டெபியன் வரும்வரை நிம்மதி என்று நினைத்தால், 2024 ஏப்ரல் பதிப்பு 3.12 கேட்டது. டெபியன் 12-ல் கடைசிவரை 3.11-தான்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. டெபியன் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பதிப்பு விட்டு, இடையில் எதையும் அசைக்காமல் வைத்திருக்கும். நமக்கு அதனால்தான் அதைப் பிடிக்கிறது. ஹோம் அசிஸ்டன்ட் மாதாமாதம் முதல் புதன்கிழமை புதுப் பதிப்பு விடும், பைதானிலும் புதியதையே கேட்கும். கார் நெல் அறுவடைக்கும் அடுத்த பிசான நெல் நடவுக்கும் ஒரே ஆளை ஒரே நாளில் கூப்பிட்டது போல. டெபியன் ஸ்டேபிளில் ஆப்ட் (டெபியனின் நிறுவும் கருவி) கொண்டு இதை நிறுவ முடியாததற்கும் காரணம் இதுதான்: நூற்றுக்கணக்கான பைதான் பொதிகள், ஒவ்வொன்றுக்கும் குறித்த பதிப்பு, அதுவும் மாதாமாதம் மாறும். பைதானைத் தனியாக இறக்கி வென்வ் கட்டலாம், யூவி போன்ற கருவிகள் இருக்கின்றன, எனக்கும் தெரியும். ஆனால் ஆதரவே இல்லாத வழியில் வீட்டுத் தண்ணீரை விடுவானேன்?

டாக்கர் இன்னும் ஆதரவுள்ள வழி. என் வீட்டில் இப்போது அதுதான். பைதான் தலைவலி இமேஜுக்குள்ளேயே (கன்டெய்னரின் அச்சுக்குள்ளேயே) அடங்கிவிடுகிறது. டெபியனை எப்போது வேண்டுமானாலும் அப்கிரேடு செய்துகொள்ளலாம். கான்ஃபிக் என்ற ஒரே ஃபோல்டரில் எல்லாம் இருக்கும், அதைக் காப்பி எடுத்தால் வீட்டையே காப்பி எடுத்த மாதிரி. கவனிக்க வேண்டியது நெட்வொர்க். கன்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் நெட்வொர்க்கை ஹோஸ்ட் முறையில் வைக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டு வைஃபையில் இருக்கும் சாதனங்களைத் தானாகக் கண்டுபிடிக்காது. ஸ்னாப் வழியாகப் போட்ட டாக்கரும் டாக்கர் டெஸ்க்டாப்பும் இதற்கு ஆகாது. டாக்கரின் சொந்த ஆப்ட் ரெப்போவிலிருந்து எடுக்க வேண்டும்.

அப்புறம் ஏன் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன்? டாக்கரில் ஆட்-ஆன் கிடையாது, அதாவது ஹோம் அசிஸ்டன்ட்டுக்குள்ளிருந்தே நிறுவும் துணை நிரல்கள் (இப்போது அவற்றை 'ஆப்' என்கிறார்கள்). சாதனங்களின் செய்திகளைக் கடத்தும் மஸ்கிட்டோ ஒரு கன்டெய்னர், ரிலே, சென்சார்களுக்கு நிரல் கட்டும் இஎஸ்பிஹோம் ஒரு கன்டெய்னர், ஜிக்பீ என்ற வயரில்லாச் சாதனங்கள் வைத்தால் அதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பதிப்பு, போர்ட், பாஸ்வேர்டு, அப்டேட் எல்லாமே உங்கள் கையில். எனக்கு அது பொழுதுபோக்கு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு கம்போஸ் கோப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன், வீட்டில் திட்டும் விழும். தொலைவிலிருந்து பார்த்துக்கொள்கிறவருக்கு அது சுமை.

சுமையைக் குறைக்கிறேன் என்று நான் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். எல்லா இமேஜையும் 'லேட்டஸ்ட்' என்று குறித்து, ராத்திரி மூன்று மணிக்குத் தானாகப் புதுப்பிக்க ஒரு கருவியைக் கட்டிவிட்டேன். எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் விடியற்காலை என் அம்மா அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கும் பொத்தானை அமுக்குகிறாள், விளக்கு எரியவில்லை. மறுபடி மறுபடி அமுக்கியிருக்கிறாள். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கன்டெய்னர் பெரிய பதிப்பு மாறியிருந்தது. பொத்தான் அமுங்கியதை அது பழைய முறையில் சொல்வதை நிறுத்திவிட்டது. வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தார்கள். படிக்க நான்தான் விழித்திருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு இமேஜுக்கும் எண் குறித்து வைத்திருக்கிறேன், அந்த எண்ணை நானாக மாற்றினால் ஒழிய எதுவும் அசையாது.

ஓஎஸ் வழிக்கு வருவோம். ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் என்பது நாம் அறிந்த டெபியன், உபுண்டு மாதிரியான லினக்ஸ் இல்லை. பில்ட்ரூட் கொண்டு கட்டிய சின்ன சிஸ்டம். ஆப்ட் கிடையாது, சிஸ்டம் பகுதியில் எழுதவும் முடியாது. லினக்ஸ் பழகிய கைக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சிஸ்டத்துக்கு ஏ, பி என்று இரண்டு இடம் ஒதுக்கியிருப்பார்கள். ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது மற்றதில் இறங்கும். புதியது பூட் ஆகாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். அம்பாசமுத்திரத்தில் லேப்டாப் முன்னால் ஆள் இல்லாத வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆட்-ஆன்களும் அங்கேயே, பேக்கப்பும் அங்கேயே, அப்டேட் பொத்தானும் அங்கேயே. சேரன்மகாதேவியில் என் மாமியார் வீட்டுக்கு நான் போட்டது இதுதான், பழைய மினி பிசி ஒன்றை வாங்கி. மாதம் ஒரு முறை பத்து நிமிஷம் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் லேப்டாப்பில் போட்டோக்கள் இல்லையென்றால் முழுசாக அழித்து ஓஎஸ்ஸையே போடச் சொல்லியிருப்பேன். இருப்பதால்தான் விஎம். ஹோம் அசிஸ்டன்ட் தளத்தில் கேவிஎம்முக்கென்றே க்யூகவ்2 வடிவத்தில் டிஸ்க் இமேஜ் கொடுக்கிறார்கள். இரண்டு கோர், 3 ஜிபி ராம், 32 ஜிபி டிஸ்க் கொடுங்கள். பயாஸ் என்பதற்குப் பதில் யூஈஎஃப்ஐ தேர்ந்தெடுக்க வேண்டும், செக்யூர் பூட் அணைந்திருக்க வேண்டும். முதல் தடவை போடுகிறவர்கள் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இது. லேப்டாப் பூட் ஆனால் விஎம்மும் தானாக எழும்படி ஆட்டோஸ்டார்ட் வைத்துவிடுங்கள்.

இன்னொரு இடமும் காலை வாரும். விஎம்முக்கு நெட்வொர்க் இயல்பாக நேட் முறையில் வரும். அப்படி விட்டால் வீட்டுச் சாதனங்கள் விஎம்முக்குத் தெரியாது. விஎம்மை வீட்டு நெட்வொர்க்கோடு நேராக இணைக்கும் பிரிட்ஜ் வேண்டும். வைஃபை கார்டில் பிரிட்ஜ் கட்டுவது சாதாரணமாக நடக்காது, ஆகவே ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லான் கேபிள் இழுத்தே ஆக வேண்டும். உங்கள் வீட்டில் ரூட்டர் பட்டாசலிலும் (கூடத்திலும்) லேப்டாப் அரங்குவீட்டிலும் (உள்ளறையிலும்) இருப்பதாகச் சொன்னீர்கள். லேப்டாப்பைப் பட்டாசலுக்குக் கொண்டு வாருங்கள். அரங்குவீட்டில் காற்றோட்டமும் இருக்காது.

லேப்டாப்பில் ஒரு லாபம், பேட்டரியே யூபிஎஸ். கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும். ஆனால் ரூட்டர் அணைந்தால் அது தாங்கி என்ன பயன்? ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். மூடியை மூடினால் தூங்காமல் இருக்க டெபியனில் லாகின்டி (logind) அமைப்பில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' என்ற வரியை 'இக்னோர்' ஆக்க வேண்டும். எப்போதும் சார்ஜரிலேயே கிடந்தால் பேட்டரி உப்பும். சில மாடல்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்த வழி உண்டு, உங்களுடையதில் இருந்தால் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஊருக்கு வரும்போதெல்லாம் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் புழுதி எல்லாம் ஃபேனுக்குள்தான் போகும். ஆவணியில் ஒரு தடவை திறந்து ஊதிவிடுங்கள்.

இனி மோட்டார். மென்பொருளை எந்த வழியில் போட்டாலும் மோட்டாரைத் தப்பாகக் கட்டினால் எல்லாம் வீண், அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

10 ஆம்பியர் என்று போட்ட சின்ன வைஃபை ரிலேயில் நேரடியாக மோட்டாரைக் கோக்காதீர்கள். 1 எச்பி மோட்டார் ஓடும்போது எடுக்கும் கரண்ட் அந்தக் கணக்குக்குள் வரும்; கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். கொஞ்ச நாளில் ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆப்பில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலே ஒரு கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டார் சுமையைக் கான்டாக்டர் தாங்கட்டும். ஓவர்லோடு ரிலேயும் இருக்கட்டும். பக்கத்திலேயே கை, ஆட்டோ என்று திருப்பும் செலக்டர் சுவிட்ச் ஒன்று. இதை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், யாரும் வீடியோ பார்த்துச் செய்ய வேண்டாம்.

அடுத்து, முப்பது நிமிஷத்துக்கு மேல் மோட்டார் ஓடக்கூடாது என்ற விதியை ஹோம் அசிஸ்டன்ட்டில் மட்டும் எழுதாதீர்கள். மோட்டார் ஓடத் தொடங்கி ஐந்தாவது நிமிஷத்தில் விஎம் ரீஸ்டார்ட் ஆனால்? ரூட்டர் தொங்கிப்போனால்? நிறுத்து என்று சொல்ல ஆள் இருக்காது. விதி ரிலேக்குள்ளேயே இருக்க வேண்டும். டாஸ்மோட்டா (ரிலேக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) போட்ட ரிலேயில் பல்ஸ்டைம் என்றொரு கட்டளை இருக்கிறது. 112-லிருந்து மேலே கொடுக்கும் எண்ணில் நூறு கழித்தால் வருவது விநாடி. முப்பது நிமிஷம் என்றால் 1800 விநாடி, ஆக 1900 என்று கொடுக்க வேண்டும். இந்த நூறு கணக்கைத் தெரியாமல் 30 என்று கொடுத்துவிட்டு, மோட்டார் மூன்று விநாடியில் நின்றுவிடுகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. 111 வரை எண்கள் பத்தில் ஒரு விநாடிக் கணக்கு. இஎஸ்பிஹோமிலும் இதே விதியைச் சாதனத்துக்குள்ளேயே எழுதலாம்.

இன்னொரு கட்டளை பவர்ஆன்ஸ்டேட். இயல்பாக அது 3-ல் இருக்கும், அதாவது கரண்ட் போகுமுன் ரிலே எப்படி இருந்ததோ கரண்ட் வந்ததும் அப்படியே ஆகும். விளக்குக்கு அது சரி. மோட்டார் ஓடும்போது கரண்ட் போய், அப்பா வெளியே போன நேரத்தில் கரண்ட் வந்தால் மோட்டார் தானாகக் கிளம்பும். 0 ஆக்கிவிடுங்கள். நம் ஊரில் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தி சாயங்காலம் விடும் நாட்களில் இதன் அருமை தெரியும்.

தொட்டியின் நீர்மட்டத்துக்கு அல்ட்ராசோனிக் சென்சார் என்று எல்லோரும் போகிறார்கள். தண்ணீர் படாத வகை வாங்கினாலும் அதற்கு முன்னால் சுமார் 20, 25 செ.மீ. தூரம் குருட்டுப் பகுதி, அதற்குள் தண்ணீர் வந்தால் தப்பாகக் காட்டும். தொட்டி நிறையும் இடம் அதுதானே. சென்சாரை ஃபோனில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தும் வேலையை ஒரு ஃப்ளோட் சுவிட்சிடம், கான்டாக்டர் காயிலோடு வயரிலேயே கோத்து, விட்டுவிடுங்கள். ஃப்ளோட் சுவிட்சுக்கு அப்டேட் வராது.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேரலையை ஹோம் அசிஸ்டன்ட்டில் காட்டுங்கள், பதிவை தனி என்விஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) பார்த்துக்கொள்ளட்டும். அந்த லேப்டாப்பால் இரண்டும் முடியாது.

பராமரிப்புக்கு நான் வைத்திருக்கும் வழக்கம் இது. முதல் புதன்கிழமை வரும் பதிப்பை அன்றே தொடுவதில்லை. புள்ளி 2, புள்ளி 3 என்று திருத்தங்கள் வந்து அடங்க இரண்டு வாரம் ஆகும், அதுவரை பொறுக்கலாம். வெளியீட்டுக் குறிப்பில் பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்கள் என்று ஒரு பகுதி இருக்கும், அதில் நம்மிடம் உள்ள சாதனங்களின் பெயரை மட்டும் தேடிப் பார்ப்பேன். பேக்கப் எடுத்துவிட்டு அப்டேட். சனிக்கிழமை காலையில்தான், சாயங்காலம் ஒருபோதும் இல்லை. சரிசெய்ய வெளிச்சம் மிச்சம் இருக்க வேண்டும். ஆறு மாதம் விட்டுவிட்டு ஒரேயடியாகத் தாவினால் ஆறு மாத மாற்றமும் ஒரே நாளில் தலையில் விழும், அதனால் ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள். டெபியனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தானாக இறங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். டெபியன் 13-க்கு நிதானமாக, நேரில் வரும்போது போகலாம். 12-க்கு எல்டிஎஸ் (நீண்டகால) ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு.

டேட்டாபேஸ் இயல்பாகப் பத்து நாள் விவரம் வைத்திருக்கும், நாலைந்து விநாடிக்கு ஒரு முறை வட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். எஸ்டி கார்டுகள் இதில்தான் சாகின்றன. உங்களுடையது எஸ்எஸ்டி என்பதால் பயமில்லை. ஆனால் வோல்டேஜ் காட்டும் சென்சார் விநாடிக்கு விநாடி மாறும். அதைப் பதிவிலிருந்து விலக்கிவிடுங்கள், யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. இயந்திரம் திடீரென்று அணைந்து டேட்டாபேஸ் கெட்டுப்போனால் ஹோம் அசிஸ்டன்ட் அதை 'கரப்ட்' என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். அந்தப் பழைய கோப்பு சத்தமில்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், அவ்வப்போது பாருங்கள்.

பேக்கப் பற்றி 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டிருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழை. சிந்துபூந்துறையில் நண்பர் ஒருவர் வீட்டுக்குள் தாமிரபரணி இடுப்பளவு வந்துவிட்டது. ராஸ்பெரி பை டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில். தினமும் ஒழுங்காகப் பேக்கப் எடுத்த பென்டிரைவ் அதே ஸ்டாண்டின் இழுப்பறையில். இரண்டும் ஒரே சேற்றில் கிடந்ததைத் தைப்பொங்கலுக்கு முன்னால் எடுத்துக் கழுவினோம், இரண்டும் பிழைக்கவில்லை. இரண்டு வருஷமாகச் சேர்த்த ஆட்டோமேஷன்களை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினார். "ஒரு காப்பி உம்ம வீட்டுல கெடந்திருந்தா வே" என்றார். என் வீடு மேட்டில்தான் இருக்கிறது, கேட்டிருந்தால் வைத்திருப்பேன்.

2025 ஜனவரிப் பதிப்பிலிருந்து தானியங்கிப் பேக்கப் நன்றாக இருக்கிறது. ஒரு காப்பி டெபியன் பக்கத்துச் சம்பா ஃபோல்டருக்கு (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டருக்கு), ஒரு காப்பி கூகிள் டிரைவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் பூட்டி எழுதப்படும், அதற்கு ஒரு சாவி தருவார்கள். அந்தச் சாவி ஹோம் அசிஸ்டன்ட்டுக்குள் மட்டும் இருந்தால், பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டியதுதான். காகிதத்தில் எழுதி ஒன்று உங்களிடம், ஒன்று வீட்டுப் பீரோவில். இன்னொன்று: ஒரு தடவையாவது அந்தப் பேக்கப்பை வேறொரு விஎம்மில் ஏற்றிப் பாருங்கள். முதல் திரையிலேயே பேக்கப்பிலிருந்து தொடங்கும் வழி இருக்கும். உங்களுக்கு அரைமணி நேர வேலை.

பெங்களூரிலிருந்து உள்ளே வர ரூட்டரில் 8123 போர்ட்டை (ஹோம் அசிஸ்டன்ட்டின் வாசலை) இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2023 மார்ச்சில் சூப்பர்வைசரில் ஒரு ஓட்டை தெரியவந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையக்கூடிய அளவுக்கு, ஆபத்து மதிப்பெண்ணில் பத்துக்குப் பத்து. டாக்கரிலும் வென்விலும் சூப்பர்வைசர் இல்லாததால் அவற்றை அது தொடவில்லை. ஓஎஸ் வழியை நான் புகழ்ந்தேனே, அதற்கு இப்படி ஒரு பக்கமும் உண்டு. உடனே திருத்தினார்கள், ஆனால் போர்ட்டைத் திறந்து வைத்திருந்தவர்கள் அதுவரை திறந்த வீட்டில்தான் இருந்தார்கள். எப்படியும் இப்போது பல இணைப்புகளில் நமக்கென்று பொது ஐபி கிடைப்பதில்லை, போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. போர்ட் திறக்காமலே உங்கள் சாதனங்களைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போடுங்கள். அதை ஹோம் அசிஸ்டன்ட்டில் ஆட்-ஆனாக ஒன்று, டெபியனில் நேரடியாக ஒன்று என்று இரண்டு இடத்திலும் போட வேண்டும். விஎம் படுத்துவிட்டால் டெபியன் வழியாக எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழியில்) வந்து அதை எழுப்பலாம். முழு லேப்டாப்பிலும் ஓஎஸ் மட்டும் போட்டிருந்தால் இந்தப் பின்வாசல் இருந்திருக்காது. விஎம் வழியை நான் சொன்னதற்கு இது பாதிக் காரணம்.

ஹோம் அசிஸ்டன்ட் போலவே இன்னொரு மென்பொருளான ஓப்பன்ஹேப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஜாவாவில் எழுதியது, அவர்களே ஆப்ட் ரெப்போ தருகிறார்கள், வருஷத்துக்கு இரண்டு பதிப்புதான். மாதாமாதம் ஓட விருப்பமில்லாதவருக்கு அந்த நிதானம் பிடிக்கும். ஆனால் 5-ஆம் பதிப்பு ஜாவா 21 கேட்கிறது, டெபியன் 12-ல் இருப்பது 17. அங்கேயும் பழைய கதைதான். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் அதிகம் இருப்பது ஹோம் அசிஸ்டன்ட் பக்கம்.

பெயர் வைப்பதில் ஒரு சின்ன விஷயம். அப்பாவின் போனில் தெரியும் பெயரைத் தமிழில் வையுங்கள்: 'தட்டட்டித் தொட்டி', 'புறவாசல் விளக்கு'. உள்ளே ஆட்டோமேஷனில் பயன்படும் அடையாளப் பெயரை மட்டும் முதலிலேயே ரோமன் எழுத்தில் நீங்களாகச் சுருக்கமாகக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பெயரை அது தானாக மாற்றி, வாயில் நுழையாத ஒரு எழுத்துக்கோவையை வைத்துவிடும். பிறகு ஒவ்வொரு ஆட்டோமேஷனிலும் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வரும்போது பத்து மீட்டர் லான் கேபிளும் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் கூலியும் கையில் இருக்கட்டும். செலக்டர் சுவிட்ச் பொருத்தியதும் லேப்டாப்பை முழுக்க அணைத்துவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டு 'கை' பக்கம் திருப்பி மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறுகிறதா என்று அவரே பார்க்கட்டும். அம்மாவையும் ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். அதற்கப்புறம் லேப்டாப்பை ஆன் செய்து, மீதி வேலையைத் தொடங்கலாம்.